கிணற்றில் வந்த ஆற்றுக் கற்கள்

காலை ஆறு இருபதுக்கு, சாலவாக்கத்தை ஒட்டிய அக்காவின் நிலத்தில் போர்வெல் லாரி தோண்டிய குழியிலிருந்து கூழாங்கற்கள் வந்து விழுந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முனையே இல்லாமல் உருண்டிருந்தது. ஈரம் இல்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நைனா இதே நிலத்தில் கிணறு வெட்டினார். நாற்பதாவது அடியில் இதே கற்கள் வந்தன. செய்யாறு ஓடுவது அங்கிருந்து வெகு தூரத்தில். ஆனாலும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுவதுபோல மஞ்சளும் பூவும் குழிக்குள் போட்டாள்.

"ஆறு இங்கதான் ஓடிக்கினு இருந்துக்கீது. நாளைக்கே தண்ணி வந்துரும்" என்றார் நைனா.

"ஓடுச்சி சரி அண்ணே. எந்தக் காலத்துலன்னு கல்லு சொல்லுதா இன்னா?" என்று குழிக்குள்ளிருந்து கேட்டார் கிணறு வெட்டுகிறவர்.

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. கிணற்றை நம்பி, ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பாய்ச்சி மறுநாளே நடவு முடித்தார். அவர் நினைத்தது தன் தாத்தா காலத்து ஆற்றை. ஆனால் அந்தக் கற்களை உருட்டிய ஆறு, மனிதக் கால் படுவதற்கு முன்பே திசை மாறிப் போயிருக்க வேண்டும். கற்களுக்குக் கீழே பாறைதான் இருந்தது. இருபது நாளில் பயிர் காய்ந்தது.

அக்கா என் கையிலிருந்த கல்லை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

"நைனா கெணத்துக் கல்லேதான்டா. நாத்து முத்திக்கினே போவுது. நடவுக்கு ஆள் சொல்லட்டா?"

"தண்ணி வரட்டும்க்கா."

அவள் செருப்பைக் கழற்றினாள். குழியிலிருந்து பாறையின் வெள்ளைப் புழுதி வந்துகொண்டிருந்தது.