எலுமிச்சம்பழம் வைத்த பின் நின்ற வண்டி

"மாமா, அப்பா போயிட்டாவ" என்று சங்கரபாண்டி அண்ணாச்சியின் மகள் போனில் சொன்னபோது நான் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். வெளியே வந்து உட்கார்ந்தேன். முதலில் வந்தது கோபம்தான். முந்தின நாள் சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டுப் போன மனுஷன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சங்கரன்கோவிலில் நாங்கள் இருவரும் கூட்டாக ஒர்க்‌ஷாப் நடத்தியது, பழைய வண்டிகள் வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும். "ஒட்டடை அடையவா வே வண்டி வாங்கினீரு?" என்று அவரிடம் ஏச்சு வாங்காதவர் உங்களில் குறைவு. பலருக்குத் தெரியாத ஒரு காலைப் பொழுதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கரிவலம்வந்தநல்லூரில் ஒரு அம்பாசிடர். சொந்தக்காரர் துபாயில் இருந்ததால் வருஷக்கணக்காக ஷெட்டில் கிடந்தது. மகள் கல்யாணத்துக்கு வந்தவர், பெண்ணை அதில்தான் மண்டபத்துக்குக் கூட்டிப்போவேன் என்று நின்றார். கார்புரேட்டரைத் திறந்தால், பெட்ரோல் வற்றிக் கருப்பட்டிப் பாகு மாதிரி பிடித்திருந்தது. வெள்ளைத் துண்டை விரித்து, கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக வைத்துக் கழுவினோம்.

அண்ணாச்சிக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்த சமயம் அது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிப்பார். வெளியே தெரிந்தால் ஒருத்தரும் வண்டி தரமாட்டார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கும்தான். ஆனாலும் ஸ்க்ரூடிரைவரை வாங்கப் போனால் முறைப்பார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். ராகுகாலத்துக்கு முன்பு வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று வீடே வாசலில் நின்றது. தேங்காய் உடைத்தாயிற்று, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. வண்டியின் சொந்தக்காரர் உட்கார்ந்து சாவியில் கை வைத்தார்.

"சாவியத் தொடாதீய" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் திரும்பினார்கள். "கார்புரேட்டர் மூடி மாட்டையில ஒரு ஸ்க்ரூ என் கையிலருந்து நழுவிட்டு. அவசரத்துல வேற ஒண்ணப் போட்டு முறுக்கிட்டேன். விழுந்தது மண்ணுலயா, இன்ஜினுக்குள்ளயான்னு தெரியல. உள்ள கெடந்தா இன்ஜின் நாசமாப் போவும்."

நானே அதைக் கவனித்திருக்கவில்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது.

"எலுமிச்சம்பழம் வச்ச பொறவு நிறுத்துதீயளே, இது கல்யாண வண்டில்லா" என்று பெண்ணின் அம்மா அழுதுவிட்டார். "கை நடுங்குத ஆளையா கூட்டிட்டு வந்தீய?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆமா, நடுங்குது" என்றார் அண்ணாச்சி. பிறகு அந்த அம்மாவிடம், "ஒங்க பிள்ளைக்கு ஒண்ணும் வராதும்மா. கெட்ட சகுனம்னா என் தலையில விடியட்டும்."

மண்ணைச் சல்லடையில் சலித்தோம். இல்லை. கார்புரேட்டரை மறுபடி கழற்றினோம். பித்தளை ஸ்க்ரூ, காந்தத்தில் ஒட்டாது. கம்பி நுனியில் கிரீஸைத் தடவி உள்ளே விட்டுத் துழாவினேன். ஒட்டிக்கொண்டு மேலே வந்தது, தட்டாம்பயறு அளவுகூட இல்லாத ஒரு ஸ்க்ரூ. அண்ணாச்சி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கையோடு சேர்ந்து அதுவும் ஆடியது. ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார். "இனி நீ முறுக்குலே."

ராகுகாலம் கழிந்தது. அந்த அம்மாவே புது எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார். வண்டி இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பெண் அதில்தான் போனாள்.

அதன்பின் சிலர் எங்களிடம் வரவில்லை. வந்தவர்களுக்கு என் கையும் அவர் காதுமாக வேலை பார்த்தோம். இன்ஜின் ஓட, பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் திருப்பு... போதும்" என்பார். ஸ்க்ரூடிரைவரை அவர் திரும்பத் தொடவே இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வாக்கியம். நேற்று ஒரு காரில் கார்புரேட்டரைப் பூட்டி முடித்துவிட்டு, பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். "ஸ்டார்ட் பண்ணலாமா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"சாவியத் தொடாதீய" என்றேன்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது.