மனுவுக்கு எண் கேட்டவள்

டான்யூப் நதிக்கரையில் உள்ள அந்தச் சிறு பல்கேரிய ஊரில், நெவேனாவின் முகத்தைவிட அவள் குரல்தான் எல்லோருக்கும் பழக்கம். பஸ் நிலைய டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. கணவன் ப்ளாமென் ஜெர்மனியில் லாரி ஓட்டினான். பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகள் இஸ்க்ரா அந்த ஜன்னலுக்குள்ளேயே வளர்ந்தாள். நான்கு வயதில் கால அட்டவணையைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்து வயதில் ஒருநாள், "அம்மா, வ்ராட்சா வண்டி அரைமணி லேட்டு. அந்தத் தொப்பி மாமாவுக்கு ரயில் கெடைக்காது, இப்பவே சொல்லிடு" என்றாள். நெவேனாவுக்குப் பெருமை வரவில்லை. பயம்தான் வந்தது.

பயந்தது சரியாகப் போயிற்று. முதல் வகுப்பில் சேர்ந்த இரண்டே நாளில் இஸ்க்ரா கணக்குப் புத்தகத்தை முடித்துவிட்டாள். பிறகு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பூஜ்யத்துக்குக் கீழே எண் கிடையாது என்று சொன்ன ஆசிரியையிடம், அப்படியானால் ஜனவரிக் குளிரில் ரேடியோவில் மைனஸ் பத்து டிகிரி என்கிறார்களே, அது என்ன என்று கேட்டாள். மூன்றாம் வாரம் தலைமையாசிரியை போஷ்கோவா நெவேனாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஒவ்வொரு அம்மாவுக்கும் தன் பிள்ளை மேதைதான். உங்க பொண்ணுக்கு அடக்கம் இல்ல. டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரை ஏதாவது கொடுப்பாங்க."

"எதுக்கு மேடம் மாத்திரை?"

"ஒரு எடத்துல உட்கார்றதுக்கு."

"உட்கார்றாளே. மேசைக்கு மேல அவளுக்கு வேலை இல்ல, அதான் அடியில உட்கார்றா."

போஷ்கோவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பேச்சு முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அதன்பின் இஸ்க்ரா அமைதியானாள். பள்ளியிலிருந்து புகார் வரவில்லை. நெவேனாவும் நிம்மதியாக மூச்சு விட்டாள். நவம்பரில் ஒருநாள் நோட்டைப் புரட்டியபோது நான்கும் மூன்றும் ஆறு என்று எழுதியிருந்தது. அதற்கு அடுத்ததும் தப்பு. அடுத்த பக்கம் முழுக்கத் தப்பு.

"என்னடி இது?"

"தப்பா எழுதினா மேடம் சிரிச்சுக்கிட்டே சொல்லித் தர்றாங்கம்மா. பிள்ளைங்களும் வெளையாட்டுல சேத்துக்கிறாங்க." சொல்லிவிட்டு இஸ்க்ரா ரொட்டியில் வெண்ணெய் தடவப் போய்விட்டாள்.

நெவேனா அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். கேலி செய்திருந்தாலோ அடித்திருந்தாலோகூடப் பொறுத்திருப்பாள். ஏழு வயதுப் பிள்ளை தன்னைத் தானே வெட்டிக் குறுக்கிக்கொள்வதை அவளால் பார்க்க முடியவில்லை. போனில் ப்ளாமென், "ஊரோட ஒத்துப் போயேன் நெவா. சின்ன ஊரு" என்றான்.

"ஊரு சின்னதுன்னா பிள்ளையும் சின்னதாகணுமா?"

அந்தக் குளிர்காலம் முழுக்க வண்டிக்கும் வண்டிக்கும் இடையில் அவள் கல்விச் சட்டம் படித்தாள். பதினேழு வயதில் படிப்பை விட்டவள். ஒரு வரியை மூன்று தடவை படித்தால்தான் மண்டையில் ஏறியது. தனித் திறமை உள்ள மாணவர் தனித் திட்டப்படி படிக்கலாம், வகுப்புகளைச் சீக்கிரமே முடிக்கலாம் என்று ஓரிடத்தில் கண்டிருந்தது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, மனு எழுதி, பள்ளி அலுவலகத்துக்குப் போனாள்.

"வச்சுட்டுப் போங்க. மேடம் பாப்பாங்க" என்றாள் எழுத்தர்.

"பதிவு பண்ணி எண் போட்டுக் கொடுங்க."

"அதெல்லாம் வேண்டாம்மா."

"எண் இல்லாத காகிதம் தொலைஞ்சு போயிடும். நிக்கிறேன், போட்டுக் கொடுங்க."

நின்றாள். எழுத்தர் காபி போட்டுக் குடித்தாள், கோப்பையைக் கழுவினாள், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றரை மணி நேரம் கழிந்தது.

"உங்களுக்கு வேலையே இல்லையா?"

"இன்னிக்கு லீவு போட்டிருக்கேன். நாளைக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன்."

எழுத்தர் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள்.

இரண்டு வாரத்தில், இப்படி இதுவரை நடந்ததில்லை என்று பதில் வந்தது. நெவேனா அதையும் எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு பஸ் ஏறினாள். அங்கிருந்த அதிகாரி இரண்டு காகிதத்தையும் நிதானமாகப் படித்தார். "நடந்ததில்லைங்கறது ஒரு காரணமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிள்ளையைச் சோதிக்க ஒரு குழு போடச் சொல்லி உத்தரவு எழுதினார்.

அந்த வாரமே நெவேனா டிக்கெட் ஜன்னலில் ஓர் அறிவிப்பு ஒட்டினாள்: "உங்கள் பிள்ளை ஓயாமல் கேள்வி கேட்கிறதா? பள்ளியில் அதைத் தொல்லை என்கிறார்களா? சனிக்கிழமை பதினொரு மணிக்கு, காத்திருப்பு அறைக்கு வாருங்கள்." டிரைவர்கள் கிண்டல் செய்தார்கள். "என் பிள்ளை ஓயாம திங்குது, அதுக்கு எந்தக் கிழமை?" என்றான் ஒருவன்.

முதல் சனிக்கிழமை வந்தது ஒரே ஓர் ஆள். பக்கத்துத் துருக்கியர் கிராமத்து ஃபிக்ரெத். அவர் மகள் நுராய் ஊரிலுள்ள பழைய ரேடியோக்களையெல்லாம் பிரித்துப் போட்டு, மறுபடி பாட வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியிலோ அவளை மந்தம் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, அவ வீட்ல துருக்கி மொழி பேசறா. பதில் சொல்ல ரெண்டு நொடி கூட ஆகுது. அதுக்குள்ள அடுத்த பிள்ளைகிட்டப் போயிடறாங்க. எங்கள மாதிரி ஆளுங்க வீட்ல கெட்டிக்காரப் பிள்ளை பொறக்கும்னு அவங்களுக்குத் தோணறதே இல்ல."

நெவேனா கொண்டுவந்திருந்த பனிட்சாவை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அந்தப் பலகாரத்தை, இரண்டாகப் பிட்டாள். "மந்தம்னு வாயால சொன்னாங்களா, எழுதிக் கொடுத்தாங்களா?"

"எழுதித்தான்."

"நல்லது. எழுதினதை எதிர்த்து எழுதலாம். உட்காருங்கண்ணே."

மார்ச்சில் இஸ்க்ராவை மூன்று ஆசிரியர்கள் நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார்கள். வேண்டுமென்றே தப்புச் சொல்லிவிடுவாளோ என்று நெவேனா வாசலில் தவித்துக்கொண்டிருந்தாள். காலையில் மகளிடம் ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "உனக்குத் தெரிஞ்சதை யாருக்காகவும் ஒளிக்காதே. யாராவது மூஞ்சியத் தூக்கினா அம்மா பாத்துக்கறேன்." இஸ்க்ரா ஒளிக்கவில்லை. கணக்குக்கும் மொழிக்கும் மூன்றாம் வகுப்பு, மற்றதெல்லாம் சொந்த வகுப்பு என்று முடிவானது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. போஷ்கோவா நெவேனாவின் முகத்தைப் பாராமலே கையெழுத்துப் போட்டாள். நுராய்க்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. நெவேனாவும் ஃபிக்ரெத்தும் நான்கு மனு எழுதிய பிறகு, அவள் பெயருக்கு நேராக இருந்த 'மந்தம்' என்ற அந்தச் சொல் நீங்கியது.

ஐந்தாண்டுகளில் காத்திருப்பு அறைக்குப் பத்தொன்பது குடும்பங்கள் வந்து போயின. சட்ட நகல், நிரப்ப வேண்டிய மனு, நேர்மையாகச் சோதித்துச் சொல்லும் உளவியலாளர்களின் முகவரி எல்லாம் ஒரு பச்சை உறையில் இருக்கும். பள்ளிக்குத் தனியாகப் போகப் பயப்படும் பெற்றோருடன் நெவேனாவும் போவாள். "நீங்க யாரு?" என்று கேட்டால், "பக்கத்துல உட்கார வந்தவ" என்பாள்.

இஸ்க்ரா பன்னிரண்டு வயதில் கணக்குப் போட்டியில் பதக்கம் வாங்கி வந்தாள். போஷ்கோவா அவள் படத்தைப் பெரிதாக்கிப் பள்ளி வாசலில் மாட்டினாள். அடுத்த இலையுதிர் காலத்தில் இஸ்க்ரா இனிப் போட்டிக்குப் போக மாட்டேன், ஹேண்ட்பால் ஆடப் போகிறேன் என்றாள். மறுபடியும் நெவேனாவுக்கு அழைப்பு வந்தது.

"இவ்வளவு செஞ்சிருக்கோம். பள்ளிக்கு ஒரு பேரு வர்ற நேரத்துல இப்படிப் பண்ணலாமா? ஹேண்ட்பால்ல அவ கெட்டிக்காரியா?"

"இல்ல மேடம். பந்தே பிடிக்க வரல."

"அப்புறம்?"

"அவளுக்குப் புடிச்சிருக்கு. கணக்கு வீட்ல போட்டுக்கறா, யாரும் பாக்காதப்ப. நான் பதக்கத்துக்காக உங்க வாசல்ல நிக்கல. அவ அவளா இருக்கணும்னுதான் நின்னேன். அன்னிக்குக் கொறைக்கப் பாத்தீங்க, இன்னிக்குக் கூட்டப் பாக்கறீங்க. ரெண்டுக்கும் விட மாட்டேன்."

"ஊர்ல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"பேசட்டும். என் ஜன்னலுக்குத்தானே டிக்கெட் வாங்க வரணும்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இஸ்க்ரா கடைசி நான்கு நிமிடம்தான் இறங்கினாள். இரண்டு முறை பந்தைத் தவறவிட்டாள். பெஞ்சில் இருந்த அணித் தோழிகள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவளும் பதிலுக்குத் திட்டிவிட்டு, சிவந்த முகத்தோடு திரும்ப ஓடினாள். மேலே பார்வையாளர் படிக்கட்டில் நெவேனா எழுந்து நின்று, ஒலிபெருக்கி தேவைப்படாத அந்தக் குரலில் மகளின் பெயரைக் கூப்பிட்டாள்.