பாறைமேட்டுக் குழி

கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். பாப்பம்மாள் பொய் சொல்லிப் பிழைக்கிறவள் இல்லை. போன மார்கழியில், பழனி மலையின் கீழ்ச்சரிவில், பட்டப்பகலில் நடந்தது இது.

காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கிழங்கின் தலைத்துண்டைக் கொடியோடு குழியிலேயே வைத்து மூடிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மறுவருஷக் கிழங்கு அதிலிருந்துதான் வரும். ஐப்பசியில் மழைக்குப் பயந்த பாப்பம்மாள், கிழங்கை முழுதாகப் பிடுங்கிக்கொண்டு, பாறைமேட்டுக் குழியைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடிவந்தாள். அக்கா சீனியம்மாள் ஊர் பார்க்க ஏசினாள். இவள் மட்டும் சும்மா இருந்தாளா? வாய்க்கு வாய் பேசினாள். இரண்டு மாதமாக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை.

அன்று விடியுமுன்னே பாப்பம்மாள் காட்டுக்குப் போனதே அக்காவுக்காகத்தான். நல்ல கிழங்காகக் கொண்டுபோய் அவள் வீட்டில் வைத்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும். அலைந்து திரிந்து, ஓடைக்கரையில் ஒரு கொடியைக் கண்டுபிடித்தாள். கிழங்கை எடுத்து, தலைத்துண்டை அரிவாளால் சரிவாக வெட்டிப் பக்கத்தில் வைத்தாள். அப்போது மஞ்சு வெள்ளையாக இறங்கி மலையை மூடியது. போனில் சிக்னல் இல்லை. மணி மட்டும் தெரிந்தது. பிற்பகல் மூன்று இருபது.

ணங்... ணங்... ணங்...

மூன்று குத்து. பிறகு ஒரு இருமல். அக்கா தோண்டினால் அப்படித்தான் கேட்கும். பாப்பம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் சருகு மிதிபடும் சத்தமே இல்லை...

"அக்கா?"

"ஒங் குழிய மூடிட்டேன்டி."

காதோரம் கேட்டது குரல். பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒன்ன யாரு மூடச் சொன்னா? ஒஞ் சோலியப் பாரு!"

இருமல் நின்றது.

மூன்று இருபத்தைந்து. மஞ்சு விலகியது.

யாரும் இல்லை.

வெட்டி வைத்த தலைத்துண்டும் இல்லை.

கிழங்கை மடியில் கட்டிக்கொண்டு ஓடினாள். அக்கா வீட்டு வாசலில் கூட்டம். அக்காவின் புருஷன் மொக்கைச்சாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"ஒன்னத் தேடாத எடமில்லத்தா. தங்கச்சி போட்டுட்டு வந்த குழிய மூடிட்டு வாரேன்னு வெள்ளனே கெளம்புனா. பாதி வழியில வழுக்கி, தலையில அடி. பத்து மணிக்குப் பொணமாத் தூக்கியாந்தோம். மேட்டுக்குப் போய்ச் சேரவே இல்ல."

அடக்கம் முடிந்த மறுநாள் பாப்பம்மாள் பாறைமேட்டுக்கு ஏறினாள்.

குழி மூடியிருந்தது. ஈர மண்.

கையால் கிளறினாள். உள்ளே ஒரு தலைத்துண்டு... சரிவான வெட்டு.

தன் அரிவாள் வெட்டு அவளுக்குத் தெரியாதா? மறுபடி மூடினாள். "அக்கா" என்று கூப்பிட்டாள். எவ்வளவு நேரம் கூப்பிட்டும் பதில் வரவில்லை.