பத்து மணிச் சுவர்

கன்னியம்மாள் அக்கா பன்னிரண்டு வருடமாகத் திருப்பதியில் எங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தார். வடமாலபேட்டைப் பக்கம் கடலைக்காய்க் கொல்லைகள் பிளாட்டுகளானபோது கூலி நின்றுபோய் பஸ் ஏறியவர். காண்டிராக்ட் கம்பெனி அவரை வெளிநோயாளிகள் வராந்தாவில் போட்டிருந்தது. அதே கம்பெனி இந்த வருடம் புதிதாகக் கொண்டுவந்த மதிப்பெண்ணைப் போடுவது என் வேலை. தினமும் காலை பத்துக்கு டேப்லெட்டோடு போவேன். கழிவறைக்கு இருபது, தரைக்கு முப்பது, குப்பைத்தொட்டிக்கு இருபது, சுவருக்கு முப்பது. சுவரைப் போட்டோ எடுத்தும் அனுப்ப வேண்டும். மாதச் சராசரி தொடர்ந்து மூன்று மாதம் எழுபத்தைந்துக்குக் கீழே போனால் ஆளை நிறுத்திவிடுவார்கள்.

கழிவறையிலும் தரையிலும் அக்காவிடம் குறை கண்டதில்லை. சுவர்தான். திருமலையில் மொட்டையடித்துச் சந்தனம் பூசி, இறங்கும்போது மயக்கம், வாந்தி என்று வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்ததும் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். சுவரெல்லாம் மஞ்சள் வட்டங்கள்.

அக்கா அவற்றை உடனே தொடமாட்டார். "ஈரத்துல தொடச்சா பெயின்டுல எறங்கிடும். காய உட்டு, ஒணந்த துணியால தட்டினா பொடியா கொட்டிடும்" என்பார். பதினொன்றரைக்கு அந்தச் சுவரில் ஒரு பொட்டுக் கறை இருக்காது. நான் பார்ப்பது பத்துக்கு.

முதல் மாதம் எழுபத்தொன்று. அடுத்த மாதம் எழுபது.

சூப்பர்வைசர் நாகேந்திரனிடம் நேரத்தை மாற்றக் கேட்டேன். "ஹைதராபாத் ஹெட் ஆபீஸ்காரங்க வெச்ச டைம்மா இது. பத்து தாண்டினா போட்டோவே ஏறாது. வேணும்னா மொட்டைங்களை லேட்டா வரச் சொல்லு" என்று சிரித்தார்.

அக்காவிடம், பத்துக்கு முன்னால் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடச் சொன்னேன். போட்டோவில் தெரியாது.

"உனுக்குப் போட்டோ போதும். சாயந்திரம் மஞ்சளா நிக்கிற சொவுத்த நான் இல்ல பாக்கணும்?"

"வேலை போயிடும்க்கா."

"போவட்டும்னா சொல்றேன்? திரும்பிப் போனா கூலிக்குக் கொல்ல எங்க கீது?"

மூன்றாம் மாதம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்பதரையிலிருந்து பெஞ்சுப் பக்கம் நின்றுகொண்டு, "நைனா, கொஞ்சம் முன்ன குந்து, தல சொவுத்துல படுது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். தெலுங்கிலும் சொன்னார். பலர் கேட்டார்கள். இருபதாம் தேதி சராசரி எண்பதைத் தொட்டது.

"பாஸா?" என்று டேப்லெட்டை எட்டிப் பார்த்தார்.

"இப்படியே போனா பாஸ்க்கா." நான் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் காய்ச்சலோடு வந்த ஒரு பெரியவர் தலை தொங்கிச் சுவர்ப்பக்கம் சரிந்தார். அக்கா இடையில் கையைக் கொடுத்துத் தலையை ஏந்தினார். அப்போது மருந்துச் சீட்டோடு திரும்பி வந்த மகன், அக்கா தன் தகப்பனின் தலையைப் பிடித்துத் தள்ளியதாக எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். நாகேந்திரனிடம் சொன்னேன். புகார் ஏறியாயிற்று, சாட்சி எழுத அதில் கட்டம் இல்லை என்றார். ஒரு புகாருக்கு மாத மொத்தத்தில் பத்து கழியும். மாதக் கடைசியில் எழுபத்தொன்று வந்தது.

நிறுத்தல் கடிதம் தெலுங்கில் இருந்தது. தமிழில் படித்துச் சொன்னேன்.

"கக்கூசுக்கு எவ்ளோ?"

"இருபதுக்கு இருபது."

"தரைக்கு?"

"முழுசா முப்பது."

"சொவுரு?"

"போன மாசத்தவிட நல்லா ஏறியிருக்குக்கா."

"அப்ப எதுக்காம்?"

"நோயாளிகிட்ட நடந்துகிட்டது."

கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அந்தாளுக்குக் கழுத்தே நிக்கலியேமா" என்றார்.

"ஆமாம்க்கா" என்றேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை நான்தான் காட்டினேன்.