இடப்பக்க ஸ்டியரிங்

மனைவிக்கு நிரந்தர விசா கிடைத்த கிழமை அவள் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, இவ்வளவு காலமும் உங்களுக்கெண்டு ஒண்டும் வாங்கேல்லையே. என்ன வேணும்?"

யோசிக்காமலே சொன்னேன். "பழைய அமெரிக்கன் கார்."

நான் படகில் வந்தவன். சிட்னியின் வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு லொறி திருத்தும் பட்டறையில் வேலை. அங்கே ஒருநாள் யாரோ கொண்டுவந்த பழைய அமெரிக்கக் காரின் என்ஜின் சத்தத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம். மனைவி வந்து சேர ஒன்பது வருடமானது. அந்தத் தனிமையில் நான் இணையத்தில் பார்த்ததெல்லாம் கார்கள்தான்.

இரண்டு கார்கள் விற்பனைக்கு இருந்தன. லிட்கம்மில் இருந்தது சின்னது, டொட்ஜ் டார்ட். ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியிருந்தார்கள். எங்கள் கராஜுக்குள் அளவாக அடங்கும். ஓட்டிப் பார்த்தேன், பாரமில்லாமல் பறந்தது. மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

பிளாக்டவுனில் இருந்தது பெரியது, டொட்ஜ் சார்ஜர். கப்பல் மாதிரி நீளம். ஸ்டியரிங் இடப்பக்கமே இருந்தது. அதனால் இந்த நாட்டில் சாரதி இருக்கவேண்டிய இடத்தில் மனைவி இருந்தாள், கையில் ஒன்றுமில்லாமல். சொந்தக்காரர், ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், பின்னால் ஏறிக்கொண்டார். திருப்பிப் பழக, பக்கத்துக் கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்துக்குப் போகச் சொன்னார்.

வாசலில் ரிக்கெற் மெஷின் வலப்பக்கம். எனக்கு எட்டவே எட்டாது.

"நீர்தான் அமத்தவேணும்," என்றேன்.

அவள் இடுப்புவரை வெளியே சாய்ந்து அமத்தினாள். ரிக்கெற் வந்தது, கை நழுவி விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். இறங்கி எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஏறியவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிட்னிக்கு வந்தபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பின்னாலிருந்த கிழவரும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "சின்னதுதான் எங்களுக்குச் சரி, என்ன?" என்று கேட்டேன். மனம் பெரியதிலேயே நின்றது.

"இல்லை, பெரிசு."

"கராஜுக்க கொள்ளாதப்பா."

"வெளியில நிக்கட்டும். அந்தக் காரில நான் இல்லாம நீங்கள் ஒரு வாசலும் தாண்டேலாது. ஒன்பது வருசம் தனிய ஓடினது போதும்."

பெரியதைத்தான் வாங்கினோம். முன்பக்கம் முழுவதும் ஒரே நீளக் கதிரை. அவள் கொஞ்சம் நகர்ந்து என் பக்கமாகவே இருப்பாள்.

போன மாதம் ஒரு பொலிஸ்காரர் எங்களை மறித்தார். வேகமாக வலப்பக்க ஜன்னலுக்கு வந்தவர், தொலைபேசியில் தங்கையோடு கதைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கடுமையாகப் பார்த்தார். பிறகு அவளுக்கு முன்னால் ஸ்டியரிங்கைத் தேடினார். நான் இந்தப் பக்கமிருந்து கையைக் காட்டினேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மனைவியிடம் அனுமதி கேட்டுவிட்டு, காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.