ஐஸில் இரண்டு கை உப்பு

ஹெர்மோ ஒரே ஒரு விஷயத்தில்தான் மேதை. அது ஐஸ். யாரும் கேட்காமலே இதை அவர் சொல்லிவிடுவார். மற்ற எல்லாவற்றிலும் தான் ஒரு மண்டு என்பதையும் சேர்த்தே சொல்வார். ஐஸிலும் மண்டுதான் என்று ஐம்பத்தெட்டு வயதில் தெரியவந்தபோது, சொல்லிக்கொள்ள அவருக்கு எதுவுமே மிச்சமில்லாமல் போனது.

பனாயகன் தீவிலிருந்து செபு நகரச் சந்தைக்கு முப்பத்தொரு வருஷம் மீன் ஏற்றிப் போனவர் அவர். அவர் பெட்டியிலிருந்து இறங்கும் கானாங்கெளுத்தி, அப்போதுதான் கடலை விட்டு வந்தது போலக் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கும். உடைத்த ஐஸில் இரண்டு கை கல்லுப்புத் தூவினால் குளிர் கிடுகிடுவென்று ஏறும், மீன் கட்டையாக விறைத்துவிடும். தீவில் எல்லா மீன்காரருக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் உப்பையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று தோன்றும்.

படகைப் புயல் கொண்டுபோன பிறகு, சுகாதார நிலையத்தின் ரத்த மாதிரிகளைச் செபு ஆய்வகத்துக்கு எடுத்துப் போகும் வேலை கிடைத்தது. அதற்கு மனுப் போட்டவர்கள் மொத்தம் ஒருவர். அத்தனை பேரில் தன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அவர் மனைவியிடம் பெருமை அடித்துக்கொண்டார்.

நர்ஸ் டெல்பினாவே பெட்டியைக் கட்டி மூடிக் கையில் கொடுப்பாள். அவருக்கு வேலை அதை மடியில் வைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருப்பதுதான். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

அந்த ஆகஸ்ட் வெள்ளம் வடிந்ததும் தீவில் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஆட்கள் படுத்தார்கள். எலிக்காய்ச்சலாக இருக்கும் என்பது டெல்பினாவின் சந்தேகம். படுத்தவர்களுக்கு மருந்து கொடுத்தாள். ஆனால் இன்ன காய்ச்சல் என்று ஆய்வகம் எழுதிக் கொடுத்தால்தான், வெள்ளத்தில் நடந்த ஊர் முழுவதற்கும் மாத்திரை வரும். அதற்குக் காய்ச்சல்காரர்களும் அவர்கள் வீட்டாருமாக இருபத்திரண்டு பேரின் ரத்தம் வேண்டும்.

ஊசி என்றதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. கருவாட்டுக்கடை லோலெங் கை நீட்டினால் மற்றவர்களும் நீட்டுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் புருஷன் இஸ்கோ நான்கு நாளாகப் படுக்கையில் கிடந்தான். அவளுடைய இரண்டு பெண்களும் அவன் நடந்த அதே வெள்ள வாய்க்காலில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவளிடம் பேச டெல்பினா ஹெர்மோவை அனுப்பினாள்.

"ஒரே ஒரு தடவைதான் லோலெங். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"உனக்குக் குத்துனாங்களா?"

"எனக்குக் காய்ச்சல் இல்லியே."

"எறும்பு எப்பிடிக் கடிக்கும்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. போற வழியில கெட்டுப்போச்சுன்னா?"

ஹெர்மோவுக்குச் சுருக்கென்றது. "முப்பத்தோரு வருஷத்துல என் ஐஸ்ல போன மீன் ஒண்ணாவது கெட்டுப்போச்சுன்னு யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"மீனு திரும்பி வந்து சொல்லாது நோங்," என்றாள். தீவில் அண்ணன் முறை ஆளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆனாலும் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இருபத்தொரு பேர் வந்தார்கள்.

இந்தத் தடவை பெட்டியைக் கட்ட டெல்பினாவுக்கு நேரமில்லை. நோயாளிகளுக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னாள். "நோங், ஐஸ் பையை எடுத்த உடனே உள்ள வச்சிராதீங்க. வெளியில வச்சு வேர்க்க விடுங்க. ரத்தம் இருக்கிற குழாய் மேல ஐஸ் படக் கூடாது. ரெண்டுலேருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும்."

"சரி இண்டாய்," என்றார் ஹெர்மோ, சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி. எட்டு மட்டும்தான் காதில் ஏறியது. இரண்டை ஏதோ மரியாதைக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஐஸை எடுத்து வேர்க்க விடுவதாவது. நேற்றுப் பிறந்த பெண், ஐஸைப் பற்றி யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்துப் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டார்.

மின்சாரம் போய் வந்ததில் ஐஸ் பைகள் பாதிதான் உறைந்திருந்தன. துறையில் ஐஸ் வாங்கி உடைத்து, குழாய்கள் இருந்த பையைச் சுற்றி நிரப்பினார். பிறகு லோலெங்கின் கடைக்குப் போய்க் கல்லுப்புக் கேட்டார்.

"இப்ப எதுக்கு உப்பு? மீனா ஏத்துற?"

"உன் ரத்தத்துக்குத்தான். நல்லா விறைப்பாப் போகட்டும்."

"அப்ப நல்ல உப்பாத் தரேன்," என்று அடிமூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டாள்.

படகில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே கம்பி விட்டு வெளியே தொங்கிய வெப்பமானியை ஹெர்மோ நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்தார். இரண்டு. பூஜ்யம். மைனஸ் மூன்று. செபு துறையில் இறங்கும்போது மைனஸ் ஏழு. படிவத்தில் வெப்பநிலை எழுத வேண்டிய கட்டத்தில் அதை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். ஆய்வகத்தில் பெட்டியை வாங்கிக்கொண்ட பையன் ஒன்றும் சொல்லவில்லை. மலைத்துப் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு, தனக்குத் தானே ஒரு பன்றி வறுவல் வாங்கிக் கொடுத்துக் கௌரவித்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் டெல்பினா அவரைக் கூப்பிட்டாள். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எல்லாம் உறைஞ்சு போச்சு நோங். உறைஞ்சு உருகுனா ரத்தம் உடைஞ்சிரும். ரத்தத்துலேருந்து பிரியிற தெளிஞ்ச தண்ணிதான் அவங்களுக்கு வேணும், வந்தது சாயத்தண்ணி மாதிரி இருக்காம். இருபத்திரண்டும் போச்சு. மைனஸ் ஏழுக்கு எதுக்குக் கோடு போட்டிருக்குன்னு கேக்குறாங்க."

ஹெர்மோ தரையைப் பார்த்தார். "குளிரு கூடினா நல்லதுன்னு நெனச்சேன்."

"மீனுக்கு நல்லது," என்றாள் டெல்பினா.

அதற்குள் சந்தையில் பேச்சு கிளம்பியிருந்தது. ஆய்வகத்துக்காரர்கள்தான் தொலைத்துவிட்டார்களாம், தீவுக்காரன் ரத்தம் என்றால் அவர்களுக்கு இளக்காரமாம். கேட்கக் கேட்க ஹெர்மோவுக்கு இதமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி கடல் தாண்டிப் போய்விடும். ஆனால் ஆய்வகத்தின் மேல் கோபம் கொண்டவன் மறுபடி கையை நீட்ட மாட்டான். கை நீளாவிட்டால் மாத்திரை வராது. முந்தின நாள் இன்னும் மூன்று பேர் படுத்திருந்தார்கள். அந்த மேதைக்குக்கூட இந்தக் கணக்குப் புரிந்தது.

லோலெங்கின் கடைக்கு முன்னால் போய் நின்றார். சந்தை முழுக்க ஆட்கள்.

"ஆய்வகம் தொலைக்கல. நான்தான் கெடுத்தேன்," என்றார், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "உப்புப் போட்டேன். உங்க ரத்தத்தைக் கருவாடு மாதிரி விறைக்க வச்சுக் கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். வேர்க்க விடுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. எனக்கு யாரு சொல்லித் தரணும், நான்தான் ஐஸுக்கு அப்பனாச்சே."

யாரோ சிரித்தார்கள். "முப்பத்தோரு வருஷ ஐஸு," என்று ஒரு குரல் வந்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

லோலெங் சிரிக்கவில்லை. கருவாட்டின் மேல் மொய்த்த ஈயை விரட்டிக்கொண்டே இருந்தாள்.

"உப்பு நான்தான குடுத்தேன்," என்றாள் கடைசியில்.

"நான் கேட்டதுக்குத்தான நீ குடுத்த."

"அடிமூட்டையிலேருந்து குடுத்தேன். நல்லா இருக்கட்டும்னு." அவள் குரல் இறங்கிவிட்டது. "இஸ்கோ நேத்துலேருந்து ஒண்ணுக்குப் போகல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏத்தியாச்சு. சின்னவளுக்கு இன்னைக்குக் கண்ணு சிவந்திருக்கு."

தன்னைத்தானே கேலி செய்து தப்பித்தே பழகிய மனிதர் ஹெர்மோ. அந்த இடத்தில் ஒரு கேலியும் உதவவில்லை.

"மொதல்ல உனக்குக் குத்தட்டும்," என்றாள் லோலெங். "காய்ச்சல் இல்லாட்டியும் பரவாயில்ல. ஊரு பாக்கணும்."

சுகாதார நிலைய வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஊசி எறும்பு மாதிரி இல்லை. குளவி மாதிரி இருந்தது. "நோங், மூச்சை விடுங்க," என்று டெல்பினா இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. சிரித்து முடித்த கையோடு லோலெங் வந்து உட்கார்ந்தாள், இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமல். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். பத்தொன்பது பேர்தான். அது போதும் என்றாள் டெல்பினா.

ஹெர்மோ ஐஸ் பைகளை மேஜை மேல் வரிசையாக வைத்து, அவை வேர்ப்பதை அடுப்பில் பாலை வைத்தவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். இடம் நிரப்பக் கொஞ்சம் உடைத்த ஐஸும் ஒரு பையில் கட்டி வைத்திருந்தார். பெட்டியில் வைக்கப் போகும்போது லோலெங் அவர் கையைத் தடுத்தாள். பையைப் பிரித்து, உருகிய தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். சப்புக்கொட்டி யோசித்தாள். உப்பு விஷயத்தில் அந்த நாக்கை ஏமாற்ற அந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது.

"இல்ல," என்றாள். "போ."

படிவத்தில் நான்கு என்று எழுதினார். கோடு போடவில்லை. மூன்றாம் நாள் ஆய்வகம் எலிக்காய்ச்சல் என்று எழுதியது. அந்த வாரமே ஊருக்கு மாத்திரை வந்தது. லோலெங்கின் சின்னவள் எழுந்து நடந்தாள். இஸ்கோ மட்டும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் திரும்பி வந்தான். முதல் பெட்டி ஒழுங்காகப் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று ஹெர்மோ டெல்பினாவிடம் கேட்டார். மருந்தை அவனுக்கு முதலிலேயே கொடுத்தாயிற்று, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாள். அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார்.

இப்போதும் பெட்டி கிளம்பும் நாளில் லோலெங் கடையை அப்படியே விட்டுவிட்டு, கறுப்புத் துக்க உடையோடு துறைக்கு வருகிறாள். உடைத்த ஐஸ் போடுவதையே நிறுத்தி மாதங்கள் ஆகின்றன. ஆனாலும் ஹெர்மோ அவளுக்காக ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஐஸ் வாங்கி வைக்கிறார். அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்து, "இல்ல, போ" என்று சொல்லும் வரைக்கும் அவர் படகில் ஏறுவதில்லை.