ஒரு சாண் வலப்பக்கம்

மழை பெய்தால் என் வீட்டுக்காரர் லைல் வீட்டில் தங்கமாட்டார். பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் தன் சிநேகிதன் வெர்னின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சரளைக் குழிக்குப் போவார். இருநூறு கஜத்தில் அட்டை வைத்து மூன்று முறை சுடுவார். மூன்றும் ஒரே ஓட்டையில் விழும். வீட்டுக்கு வந்து அட்டையை அடுப்பில் போட்டுவிடுவார். போன அக்டோபர் வரை பதினோரு வருஷம் இதே கூத்துதான்.

எங்கள் மொன்டானா ஊரில் புதுத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் கடையிலிருந்து நேராக லைலிடம்தான் வருவார்கள். கம்பெனித் துப்பாக்கி என்பது ரெடிமேட் சட்டை மாதிரி, யாருக்கும் கச்சிதமாக இருக்காது. அவர் மரக்கட்டையைக் கழற்றி, குழலை உரசும் இடங்களைச் செதுக்கி, இரும்பு உட்காரும் பள்ளத்தில் பிசின் ஊற்றி அசையாமல் படியவைப்பார். கடைசியில் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை விட்டு இழுப்பார். தடங்காமல் வந்தால் கட்டை குழலில் எங்கும் உரசவில்லை, வேலை முடிந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து கூட வந்த சிநேகிதன் வெர்ன் மட்டும் தொடவிடமாட்டான். ஈரம் பட்டால் அவன் துப்பாக்கியின் கட்டை உப்பிக் குழலைத் தள்ளும், குண்டு ஒரு சாண் இடப்பக்கம் போகும். "மழைன்னா ஒரு சாண் வலப்பக்கம் குறி வைக்கணும், அவ்ளோதானே? பொண்டாட்டி குணம் தெரிஞ்சவனுக்கு பஞ்சாயத்து எதுக்குடா?" என்பான்.

ஒரு ஆகஸ்டில், தோள்வார் மாட்டும் கொக்கி உடைந்துவிட்டதென்று அதைக் கொடுத்துவிட்டுப் போனான். லைலுக்குக் கை சும்மா இருக்குமா? கொக்கியோடு கட்டையையும் சரிசெய்துவிட்டார். "சொல்லிடாத ஐரீன். மழையில சுட்டுப் பார்த்துட்டு அவனே ஓடி வரட்டும்" என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். காய்ந்த நாளில் அது எப்போதுமே நேராகத்தான் சுடும். அதனால் வெர்னுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நவம்பரில் மழை பிடித்தது. வெர்னின் தம்பி ஏரிக் மரங்களுக்குள்ளிருந்து எல்க் மானை விரட்டி வந்தான். வலப்பக்கம் திரும்பிய மானின் தோளுக்கு ஒரு சாண் வலப்பக்கம் குறி வைத்தான் வெர்ன். குண்டு குறி வைத்த இடத்துக்கே போனது. மானை விட்டு விலகி, பின்னால் புதருக்குள் வந்துகொண்டிருந்த ஏரிக்கின் மேல் பாய்ந்தது.

"கை நடுங்கிருச்சு" என்றுதான் வெர்ன் விசாரணையில் சொன்னான். துப்பாக்கியை எங்கள் பட்டறையில் போட்டுவிட்டுப் போனவன், அதன்பிறகு காபிக் கோப்பையைக்கூட இடது கையால்தான் எடுத்தான்.

லைல் அவனிடம் சொல்லிவிடத் துடித்தார். நான்தான் தடுத்தேன். "சொன்னா செத்தவன் எழுந்து வரப்போறானா? உள்ள சிநேகிதமும் போயிடும்" என்றேன். அந்தப் பாவம் என்னுடையது.

போன அக்டோபரில் வெர்னின் மகள் டெஸ் பட்டறைக்கு வந்தாள். வெளியே மழை.

"மாமா, அப்பா துப்பாக்கியை எடுத்துக்கவா? வேற வாங்க வசதியில்ல. இரும்பு மேல என்ன கோபம்னு அவரே சொல்லிட்டாரு." சுவரிலிருந்து இறக்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். "மழைன்னா ஒரு சாண் வலப்பக்கம். சரிதானே?"



"வேண்டாம்மா. நேரா வை" என்றார் லைல். "சரி பண்ணியாச்சு."

"எப்போ?"

"இந்த வாரம்தான்" என்று நான் முந்திக்கொண்டேன்.

லைல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "இல்ல. உன் சித்தப்பா செத்த வருஷம். ஆகஸ்ட்ல."

டெஸ் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். மனதுக்குள் மாதங்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. போனை எடுத்து, "அப்பா, லைல் மாமா பட்டறைக்கு வாங்க. உடனே" என்றாள்.

வெர்ன் நனைந்துகொண்டே வந்தான். லைல் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெர்ன் பாக்கெட்டிலிருந்து ஒரு டாலரை எடுத்துக் குழலுக்கடியில் விட்டு இழுத்தான். தடங்காமல் வந்தது.

"அப்போ என் கை நடுங்கலயா?" என்றான்.

"இல்லடா."

அந்த நோட்டை வலது கையால் மடித்துப் பாக்கெட்டில் வைத்தான். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். துப்பாக்கி மேசையிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் மழை பெய்துவிட்டது. லைல் அதைத் தொடவில்லை, வெர்ன் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை.